படுக்கையும் பாடமும் – ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரியில் ஓர் இரவு

கல்லூரி என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் மனக்கண்முன் தோன்றுவன வகுப்பறையும் கரும்பலகையும் வருகைப் பதிவேடுமே ஆகும். சீவக சிந்தாமணியிலேயே இடம்பெற்றுள்ள பழஞ்சொல் இது. ஆயினும் இன்று நாம் அதற்குக் கொள்ளும் பொருள், காலையில் சென்று மாலையில் மீளும் ஓர் இடம் என்பதே. மேலை நாட்டில் இதற்கு நேரான சொல் வழக்கிற்கு வந்த காலத்தில் அதன் பொருள் வேறாக இருந்தது. அங்குக் கல்லூரி என்பது முதற்கண் மாணவர் உண்டு உறங்கும் இல்லமாகும். பாடம் சொல்வதும் பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகத்தின் பணி. மாணவரை வாழவைப்பது கல்லூரியின் பணி. இவ்வேறுபாட்டை நூல்களிற் பலமுறை படித்திருந்தும், அத்தகைய கல்லூரி ஒன்றில் ஓர் இரவு தங்கிய பின்னரே அதன் முழுப்பொருள் நமக்கு விளங்கிற்று. அவ்விரவில் கண்டவற்றையும் அவை எழுப்பிய எண்ணங்களையும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் நம் சமுதாயப் பெரியோர்க்கும் இக்கட்டுரைவழி எடுத்துரைக்க விழைகின்றோம்.

2019 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தமிழ்த்துறையைச் சேர்ந்த நாம் மூவர் இங்கிலாந்து சென்றிருந்தோம். ஆக்ஸ்போர்டில் ஓர் இரவு தங்கவேண்டிய தேவை ஏற்பட்டது. அங்குள்ள கல்லூரிகள் பல, கோடை விடுமுறையில் மாணவர் ஊர் திரும்பியபின் அவர்களுடைய அறைகளை வழிப்போக்கர்க்கு வாடகைக்கு விடுகின்றன. முன்பதிவு செய்து பணம் செலுத்துவோர் யாவரும் தங்கலாம். காலைச் சிற்றுண்டியும் கல்லூரி உணவுக்கூடத்திலேயே கிடைக்கும். எழுநூற்றைம்பது ஆண்டுப் பழமையுடைய நிறுவனங்கள் இவ்வாறு அறை வாடகை ஈட்டுவதை இழிவாகக் கருதவில்லை என்பது நமக்கு வியப்பளித்தது. நாம் தேர்ந்துகொண்டது பேலியல் கல்லூரி. காரணம் வெளிப்படை. திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப் தம் முதுமையில் அக்கல்லூரியின் குருவாக விளங்கியவர். தமிழ் கற்பிப்போர் ஆக்ஸ்போர்டில் இறங்கினால் தலைவைக்க வேண்டிய இடம் அதுவே என்று நம்முடன் வந்த மூத்த பேராசிரியர் முடிவாகக் கூறிவிட்டார்.

வாயிலும் படிக்கட்டும்

அகன்ற தெரு என்று பொருள்படும் பெயருடைய வீதியில் பேலியலின் முகப்பு நிற்கிறது. அவ்வீதியின் நடுவே, தார்ச்சாலையில் பதிக்கப்பட்ட கற்சிலுவை ஒன்று உள்ளது. 1555 ஆம் ஆண்டில் லாட்டிமர், ரிட்லி என்னும் இரு பேராயர்களும், அடுத்த ஆண்டில் கிரான்மர் என்னும் தலைமைப் பேராயரும் சமயக் கருத்து வேறுபாட்டின் பொருட்டு உயிரோடு எரிக்கப்பட்ட இடத்தை அது குறிக்கின்றது. அத்தீயின் வெம்மையால் கருகியவை என்று சொல்லப்படும் பழைய மரக்கதவுகளைக் கல்லூரியின் முன்முற்றத்துக்கும் தோட்ட முற்றத்துக்கும் இடையே இன்றும் காணலாம். கல்விக்கூடத்தின் கதவிலே இப்படியொரு வடுவா என்று நாம் சிறிது நேரம் அவ்விடத்தே நின்றோம்.

வாயிற்காவலர் அறையில் பெயரைச் சொன்னதும் திறவுகோலைக் கொடுத்து, படிக்கட்டின் எண்ணைக் கூறினர். நம் விடுதிகளில் நீண்ட தாழ்வாரமும் அதன் ஓரமாக வரிசை அறைகளும் இருக்கும். ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகளின் பழைய அமைப்பு அவ்வாறன்று. முற்றத்தைச் சுற்றிப் பல வாயில்கள். ஒவ்வொரு வாயிலினுள்ளும் தனித்தனிப் படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கட்டிலும் சில அறைகள் மட்டுமே. படிக்கட்டுகளுக்கு உரோமானிய எண்கள் இடப்பட்டுள்ளன. ஒரே படிக்கட்டில் ஏறியிறங்குவோர் ஒரு சிறு குடும்பத்தாரைப்போல ஆகிவிடுவர். மாணவர்களுக்கிடையே ஏற்படும் நட்பில் பாதி இப்படிக்கட்டுகளிலேயே முளைப்பதாகச் சொல்வதில் மிகையில்லை என்று தோன்றிற்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றினுள் படுக்கப்போவதாக எண்ணி வந்த நம் இளைய பேராசிரியர், அறையைத் திறந்ததும் சற்று ஏமாற்றமுற்றார். ஒற்றைக் கட்டில், மேசை, நாற்காலி, முகம் கழுவும் தொட்டி, சுவரிலே மாணவர் யாரோ படங்கள் ஒட்டிப் பெயர்த்தெடுத்த தடங்கள் – நம் ஊர் விடுதி அறைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. உண்மையில் பேலியலின் கட்டடங்களுள் பெரும்பான்மையானவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் எழுந்தவை. வீதியை நோக்கிய முகப்பு 1860களில் வாட்டர்ஹவுஸ் என்னும் கட்டடக் கலைஞரால் கட்டப்பட்டது. முன்முற்றத்தின் பழைய நூலகமும் பழைய உணவுக்கூடமும் மட்டும் பதினைந்தாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. ஆகவே தொன்மை என்பது அங்குக் கல்லில் இருப்பதைக் காட்டிலும் ஒழுங்குமுறையில்தான் இருக்கிறது எனலாம்.

ஒரு தண்டனையிலிருந்து பிறந்த இல்லம்

பேலியலின் தோற்ற வரலாறு சுவையானது. ஜான் பேலியல் என்பவர் வட இங்கிலாந்தின் பெருஞ்செல்வர். டர்ஹாம் நகரப் பேராயருடன் அவர் பகை கொண்டு இழிவு செய்ததற்குக் கழுவாயாக, ஏழை மாணவர் சிலரைப் பேணுமாறு அவர்மீது விதிக்கப்பட்டது. 1263 ஆம் ஆண்டையொட்டி ஆக்ஸ்போர்டு நகர மதிலுக்கு வெளியே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அதில் அவர் மாணவரைக் குடியமர்த்தினார். அவ்வளவே. ஆசிரியரை அவர் அமர்த்தவில்லை, பாடத்திட்டம் வகுக்கவில்லை. கூரையும் உணவுக்கான படியும் தந்தார். இன்றைய கல்லூரி நிற்பதும் அவ்விடத்தையொட்டியே.

1268 ஆம் ஆண்டில் ஜான் பேலியல் இறந்தார். அத்துடன் அவ்வீடும் கலைந்திருக்கக் கூடும். அதனை நிலைநிறுத்தியவர் அவருடைய துணைவியார் தெர்வோர்கில்லா அம்மையார் ஆவார். ஸ்காட்லாந்தின் கேலோவே நாட்டுச் செல்வி அவர். கணவரின் தண்டனை கணவரோடு முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. நிலையான வருவாய்க்கு வழிசெய்து, 1282 ஆம் ஆண்டில் அவ்வில்லத்துக்குரிய சட்டதிட்டங்களை எழுதித் தம் முத்திரையிட்டுக் கொடுத்தார். அம்முத்திரையோடு கூடிய ஆவணம் இன்றளவும் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. அதன் விதிகளுள் இரண்டு நம் உள்ளத்தைத் தொட்டன. இல்லத்தின் தலைவரை மாணவரே தம்முள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஒன்று. செல்வ மாணவர் சிக்கனமாக வாழவேண்டும். அவர்களுடைய ஆடம்பரத்தால் பொதுச்செலவு கூடி ஏழை மாணவர்க்குச் சுமையாகிவிடலாகாது என்பது மற்றொன்று. உணவில் எஞ்சுவதை வறிய மாணவர் ஒருவர்க்கு அளிக்கவும் அம்மையார் வழிசெய்திருந்தார். விடுதியில் உணவுக்கட்டணம் பங்கிடும் முறையை அறிந்த எவரும், இவ்விதியை எழுதிய அம்மையார் மாணவர் வாழ்வை எத்துணை நுணுக்கமாக அறிந்திருந்தார் என்பதை உணர்வர்.

ஆக்ஸ்போர்டின் மூத்த கல்லூரி எது என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 1249 ஆம் ஆண்டு மரண சாசனத்தைக் காட்டி யூனிவர்சிட்டி கல்லூரியும், 1264 ஆம் ஆண்டுச் சட்டதிட்டங்களைக் காட்டி மெர்ட்டன் கல்லூரியும் உரிமை பேசுகின்றன. அவ்வழக்கில் நாம் தலையிட வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது மூன்றுக்கும் பொதுவான செய்தி: மூன்றுமே ஒருவர் தம் பொருளை நிலையாக ஒதுக்கி, அதன் வருவாயில் மாணவரைத் தங்கவைத்ததால் தோன்றியவை.

வக்ஃபும் கல்லூரியும்

இவ்விடத்தில் நம் சமுதாயத்தார் நன்கறிந்த ஒரு சொல் நினைவுக்கு வராமற் போகாது. சொத்தின் மூலத்தை விற்கவோ கொடையளிக்கவோ இயலாதபடி நிறுத்திவைத்து, அதன் பயனை மட்டும் அறத்துக்குச் செலவிடுவது வக்ஃபு. கொடையாளர் எழுதும் நிபந்தனைகளே அதற்குச் சட்டம். அவற்றை நிறைவேற்றுபவர் முத்தவல்லி.

பக்தாதில் நிஜாமுல் முல்க் நிறுவிய நிஜாமிய்யா மதரஸா 1067 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. இமாம் கஸ்ஸாலி அவர்கள் 1091 ஆம் ஆண்டில் அங்குப் பேராசிரியராக அமர்ந்தார்கள். அதே நகரில் கலீஃபா முஸ்தன்ஸிர் நிறுவிய முஸ்தன்ஸிரிய்யா 1234 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நான்கு மத்ஹபுகளுக்கும் தலா 62 மாணவர் என்று வரையறுத்து, அவர்களுக்கு உறைவிடமும் உணவும் உதவித்தொகையும் நூலகமும் அங்கு அமைக்கப்பட்டிருந்தன. தைகிரிஸ் ஆற்றங்கரையில் அதன் கட்டடம் நிற்கிறது. முற்றத்தைச் சுற்றி அறைகளும், ஒரே தலைவாயிலும் கொண்ட அவ்வமைப்பைப் படத்தில் பார்த்தவர், ஆக்ஸ்போர்டு முற்றம் ஒன்றில் நின்றால் முற்றிலும் புதிய இடத்துக்கு வந்ததாக எண்ணமாட்டார். முஸ்தன்ஸிரிய்யா திறந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்தே பேலியலின் வாடகை வீடு திறந்தது. இடையே 1258 ஆம் ஆண்டில் மங்கோலியர் பக்தாதை அழித்தனர்.

இவ்வொற்றுமை தற்செயலானதா? ஜார்ஜ் மக்தீசி என்னும் அறிஞர் 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்லூரிகளின் எழுச்சி பற்றிய நூலில், மதரஸாவின் அமைப்புக்கும் ஐரோப்பியக் கல்லூரியின் தொடக்கத்துக்கும் இடையேயுள்ள இணைகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். பாரிசு நகரின் முதற் கல்லூரியாகக் கருதப்படும் 'பதினெண்மர் கல்லூரி' 1180 ஆம் ஆண்டில் தோன்றியது. அதனை நிறுவியவர், இலண்டனைச் சேர்ந்த ஜோசியஸ் என்பவர். ஜெருசலேம் பயணம் முடித்துத் திரும்பும் வழியில், பாரிசு மருத்துவ இல்லம் ஒன்றில் பதினெட்டு ஏழை மாணவர்க்குப் படுக்கைகள் ஏற்படுத்தினார். ஆம், படுக்கைகள்! ஐரோப்பாவின் முதற்கல்லூரி பதினெட்டுப் படுக்கைகளாகவே தொடங்கிற்று என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. மோனிக்கா கௌடியோசி என்பார் 1988 ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுக்கட்டுரையில், மெர்ட்டன் கல்லூரியின் 1264 ஆம் ஆண்டுச் சட்டதிட்டங்களை வக்ஃபு ஆவண முறையுடன் ஒப்பிட்டு நெருங்கிய ஒற்றுமைகளைக் காட்டினார். வால்டர் மெர்ட்டன் தம்முடைய நிலங்களின் வருவாயை மாணவர்க்கு ஒதுக்கியதும், தம் உடன்பிறந்தார் மக்களுக்கு முன்னுரிமை அளித்ததும் வக்ஃபு ஆவணங்களைப் படித்தவர்க்குப் பழகிய செய்திகளே.

எனினும் ஒன்று சொல்லவேண்டும். ஒற்றுமை என்பது வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நிறுவுவது வேறு. ஆக்ஸ்போர்டின் கொடையாளர் எவரும் தாம் மதரஸாவைப் பார்த்துச் செய்ததாக எழுதி வைக்கவில்லை. மேடைகளில் 'ஆக்ஸ்போர்டே நம்முடையது' என்று முழங்குவோர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நலம். அவ்வறிஞர்கள் வாதிடுகின்றனர், நாம் அவ்வாதத்தை மதிப்போம், அதற்குமேல் வேண்டா.

அதனினும் பயனுள்ள வினா ஒன்று உண்டு. பழைய மதரஸாக்களின் அறக்கட்டளைகள் பல சிதைந்தொழிய, பேலியலின் அறக்கட்டளை மட்டும் நிலைத்தது எவ்வாறு? போரும் படையெடுப்பும் அரசுகளின் கையகப்படுத்தலும் காரணங்களே. நம் நாட்டில் ஹாஜி முகம்மது முஹ்சின் 1806 ஆம் ஆண்டில் எழுதிவைத்த பெருஞ்சொத்தின் வருவாயைக்கொண்டு, 1836 ஆம் ஆண்டில் ஹூக்ளியில் அரசு ஆங்கிலக் கல்லூரியை நடத்தத் தொடங்கியது. அக்கல்லூரியில் முஸ்லிம் மாணவர் மிகச் சிலரே பயின்றனர். நெடுநாள் முறையீட்டுக்குப் பின்னரே 1870களில் அவ்வருவாய் முஸ்லிம்களின் கல்விக்குத் திருப்பப்பட்டது. ஆயின் வெளிப்பகை மட்டுமே காரணம் என்று நாம் அமைதி கொள்ளுதல் தகாது. மக்தீசி சுட்டும் வேறுபாடு ஒன்று சிந்திக்கற்பாலது. வக்ஃபு, கொடையாளரின் எழுத்துக்குக் கட்டுப்பட்டது. கல்லூரியோ காலப்போக்கில் தானே ஒரு சட்ட ஆளாக ஆயிற்று. அதன் உறுப்பினர் கூடி விதிகளைத் திருத்தலாம். பழைய நிலத்தை விற்றுப் புதியது வாங்கலாம். கணக்கை ஒருவர்க்கொருவர் காட்டியாக வேண்டும். தெர்வோர்கில்லா அம்மையார் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை உள்ளிருப்போரிடமே விட்டது இங்கு நினைக்கத்தக்கது.

அடைத்திருந்த கதவு

கல்லூரியைப் புகழும்போதே அதன் கதவு யார்க்கு அடைத்திருந்தது என்பதையும் சொல்வதே நேர்மை. 1581 ஆம் ஆண்டு முதல் ஆக்ஸ்போர்டில் சேரும் ஒவ்வொருவரும் இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கொள்கைகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டியிருந்தது. கத்தோலிக்கரும் யூதரும் முஸ்லிமும் இந்துவும் இதனால் புறத்தே நின்றனர். 1854 ஆம் ஆண்டில் இக்கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. 1871 ஆம் ஆண்டுச் சட்டமே அதனைப் பெரும்பாலும் நீக்கிற்று. பெண்களின் நிலை இன்னும் கடினமானது. நாசிக்கில் பிறந்த கொர்னீலியா சொராப்ஜி 1889 ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டின் சோமர்வில் மகளிர் இல்லத்தில் சேர்ந்து, 1892 ஆம் ஆண்டில் சட்டத் தேர்வெழுதினார். அவர்க்குப் பெரிதும் துணைநின்றவர் பேலியலின் தலைவராக இருந்த பெஞ்சமின் ஜோவெட். ஆயினும் ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்க ஒருப்பட்டது 1920 ஆம் ஆண்டிலேயே. தேர்வெழுதி முப்பது ஆண்டுகள் கழித்து, 1922 ஆம் ஆண்டில் அவர் தம் பட்டத்தைப் பெற்றார். ஒரு பெண்மணியின் முத்திரையால் நிலைபெற்ற பேலியலோ மாணவியரைச் சேர்த்துக்கொண்டது 1979 ஆம் ஆண்டில்! ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் தெர்வோர்கில்லாவின் இல்லத்தில் தெர்வோர்கில்லாக்களுக்கு இடமில்லை.

கதவு திறப்பதற்குச் சற்று முன்பே அதன் வழியே எட்டிப்பார்த்த ஒருவரை நாம் மறத்தலாகாது. 1869 ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற சர் சையது அகமது கான், தம் மகன் சையது மஹ்மூது பயின்ற கேம்பிரிட்ஜின் கல்லூரிகளைக் கண்டார். பார்த்துவிட்டு வியந்து திரும்பியவர் பலர். அவர் கண்டதைத் தம் மண்ணுக்கு எடுத்துவந்தார். 1873 ஆம் ஆண்டில் மஹ்மூது வகுத்தளித்த திட்டமும், 1875 ஆம் ஆண்டில் அலிகாரில் தொடங்கிய பள்ளியும், 1877 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற கல்லூரியும் மாணவர் தங்கிப் பயிலும் முறையையே உயிர்நாடியாகக் கொண்டன.

நூற்றொரு மணியோசை

மாலையில் உணவை முடித்துக்கொண்டு முற்றத்துப் புல்வெளியோரம் அமர்ந்திருந்தோம். கோடையாதலால் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மறையவில்லை. 9.05 மணிக்குத் தெற்கிலிருந்து மணியோசை எழுந்தது. கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் கோபுரத்திலுள்ள பெருமணி இரவுதோறும் அந்நேரத்தில் நூற்றொரு முறை ஒலிக்கும். அக்கல்லூரியின் தொடக்க கால மாணவர் நூற்றுவர்க்கும் பின்னர்ச் சேர்ந்த ஒருவர்க்கும் ஒவ்வோர் ஒலி. பழைய காலத்தில் கல்லூரிக் கதவுகள் அடைபடுவதற்கு அறிகுறி அதுவே. ஐந்து நிமிடம் பிந்துவதற்கும் காரணம் உண்டு: கிரீனிச்சுக்கு மேற்கே இருக்கும் ஆக்ஸ்போர்டின் உள்ளூர் நேரம் ஐந்து நிமிடம் பின்தங்கியது. நாட்டுக்கெல்லாம் ஒரே நேரம் வந்தபிறகும் இம்மணி தன் ஊர் நேரத்தையே காத்துவருகிறது. மூத்த பேராசிரியர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, நாற்பதுக்குமேல் கணக்கைத் தவறவிட்டார்.

மணி ஓய்ந்த சிறிது நேரத்தில் மஃரிபு வந்தது. மேற்கு நோக்கியே நின்று பழகிய நமக்கு அங்கே கிப்லா தென்கிழக்கு. மேசையைச் சற்று நகர்த்தி, கட்டிலுக்கும் சன்னலுக்கும் இடையே கிடைத்த இடத்தில் ஒருவர்பின் ஒருவராகத் தொழுதோம். முந்நூறு ஆண்டுகள் முப்பத்தொன்பது கொள்கைகளில் கையொப்பம் கேட்ட கல்லூரியில் எவரும் நம்மை எதுவும் கேட்கவில்லை.

பின்னர் நெடுநேரம் உறக்கம் வரவில்லை. நம் கல்லூரியில் சில ஆண்டுகளுக்குமுன் பயின்ற மாணவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். கடலோரச் சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவர். விடியுமுன் புறப்பட்டு முதல் வகுப்பில் உறங்கி வழிவார். நாமும் அதற்காக அவரைக் கடிந்திருக்கின்றோம். தந்தையாரின் தொழில் நொடித்தபோது அவருடைய கல்விக் கட்டணத்தை ஊர்ப் பெரியவர் ஒருவர் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். ஆயினும் இரண்டாம் ஆண்டு முடியுமுன் அம்மாணவர் நின்றுவிட்டார். பேருந்துக் கட்டணமும் களைப்பும் வென்றன. விடுதியில் ஓர் இடமும் இரண்டு வேளை உணவும் அவர்க்குக் கிடைத்திருந்தால் படித்து முடித்திருப்பார். அதனை யாரும் கேட்கவில்லை; கொடுக்க முன்வந்த பெரியவர்க்கு எடுத்துச்சொல்ல நமக்கும் அன்று தோன்றவில்லை. கல்விக்கு உதவுவதென்றால் கட்டணம் செலுத்துவதும் கட்டடம் எழுப்புவதும்தான் என்று நாமே எண்ணியிருந்தோம். வகுப்பறை வாயிலில் கொடையாளர் பெயர் பொறித்த கல் பல உண்டு. ஒரு படுக்கையின் ஆண்டுச் செலவுக்கு நிலையான வருவாய் எழுதிவைத்த ஆவணத்தை நாம் நம் கல்லூரியில் கண்டதில்லை. ஒருவேளை இருந்தால், பெரியோர்கள் தெரிவிப்பார்களாயின் மகிழ்வோம்.

காலையில் சிற்றுண்டிக்கு உணவுக்கூடம் சென்றோம். 1870களில் எழுந்த உயரமான கூடம் அது. சுவரெங்கும் முன்னோர் ஓவியங்கள். ஒரு கோடியில் இசைக்கருவி. முட்டையும் காளானும் ரொட்டியும் நமக்குப் போதுமானவை. காப்பி அருந்தும்போது இளைய பேராசிரியர் ஒரு செய்தி சொன்னார். ஜான் ஈவ்லின் என்னும் நாட்குறிப்பாளர் 1637 ஆம் ஆண்டில் பேலியலில் மாணவராகச் சேர்ந்தவர். கானோபியஸ் என்னும் கிரேக்கர் அங்குக் காப்பி அருந்தியதைக் கண்டதாகவும், தாம் அதுவரை எவரும் அதை அருந்தக் கண்டதில்லை என்றும் அவர் குறித்துள்ளார். இரவு வணக்கத்தில் கண்ணயராதிருக்க ஏமன் நாட்டு சூஃபியர் பருகிய பானம், இங்கிலாந்தில் பதிவாகியதற்கு முதற்சான்றுகளுள் ஒன்று இக்கல்லூரியில் இருப்பது பொருத்தமே. மாணவர்க்கும் இரவில் விழித்திருக்கும் தேவை உண்டல்லவா!

போப் அவர்களின் கல்லறையில்

திறவுகோலை ஒப்படைத்தபின் வால்ட்டன் தெருவிலுள்ள செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். கால்மணி நேர நடை. போப் 1820 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் நாள் கனடாவின் பிரின்சு எட்வர்டு தீவில் பிறந்தவர். 1839 ஆம் ஆண்டில் தமிழகம் வந்தவர். சாயர்புரத்தில் அவர் நடத்தியதும் மாணவர் தங்கிப் பயின்ற கல்விக்கூடமே. 1884 ஆம் ஆண்டு முதல் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886 ஆம் ஆண்டிலும், நாலடியார் 1893 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. பேலியல் முற்றத்தில் ஜோவெட்டுடன் உலவியபோது திருவாசகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததாகவும், தமக்கு வயதாகிவிட்டதே என்று தயங்கியபோது, பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழ வழி என்று ஜோவெட் ஊக்கியதாகவும் போப் தம் முன்னுரையில் எழுதியுள்ளார். ஜோவெட் 1893 ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். போப்போ நூலை முடித்துத் தம் எண்பதாம் பிறந்தநாளன்று, 1900 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் நாள், அம்முன்னுரைக்குத் தேதியிட்டார். நாம் முந்திய மாலை அமர்ந்திருந்தது எம்முற்றத்தோரம் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. 1908 ஆம் ஆண்டு பிப்ரவரியில் போப் இயற்கை எய்தினார். ஜோவெட்டின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான் உள்ளது.

'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று தம் கல்லறையில் பொறிக்குமாறு போப் வேண்டினார் என்பது நம் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. நம் மூத்த பேராசிரியர் அதனை முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர். கல்லின்மீது படர்ந்திருந்த புல்லை ஒதுக்கி அவர் படிக்கத் தொடங்கினார். பெயர், பட்டம், தென்னிந்தியா என்னும் ஊர்க்குறிப்பு, பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளர், பேலியல் கல்லூரியின் குரு, பிறந்த நாள், இறந்த நாள். அதன்கீழ், கீழைநாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுதும் ஆற்றிய உழைப்பைப் போற்றி, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அக்கல்லை நாட்டியதாகக் குறிப்பு. நாம் தேடிய தொடர் அங்கு இல்லை. கல்லின் மறுபுறமும் சென்று பார்த்தார், அங்கும் இல்லை.

சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. "முப்பது வருஷம் தப்பாச் சொல்லிட்டேனே, தம்பி" என்றார் பிறகு. "ஐயா, தமிழ் நண்பர்கள் பணம் அனுப்பி வைத்த கல் என்பது அதைவிடப் பெரிய செய்தியாயிற்றே" என்றார் இளையவர். மூத்தவர் அதற்கு விடை கூறாமல் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, கல்லில் உள்ளதை வரிக்குவரி, எழுத்தெழுத்தாகப் படியெடுக்கலானார். இலண்டன் வண்டிக்கு நேரமாயிற்று என்று இருமுறை நினைவூட்டியும் இறந்த நாளை எழுதி முடித்த பின்னரே எழுந்தார்.